கூப்பிட்டால் வராத நாய்

2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கோப்பி என்ற நாய் இரண்டாவது முறையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

கொடுத்தவர்கள் திலீப்பும் ரக்ஷனாவும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஜோடி. வாங்கிக்கொண்டவர், கைவிடப்பட்ட நாய்களை வைத்திருந்து வீடு தேடிக் கொடுக்கும் வசந்தகுமாரி. நாயின் படுக்கை, பாதி தீர்ந்த தீனிப் பை, கடித்துக் குதறிய ரப்பர் கோழி எல்லாவற்றையும் ரக்ஷனா ஒழுங்காக ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நாய் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க ஆன்டி. நல்ல பையன்தான். கடிக்கல, குரைக்கல, சோஃபாவக்கூட விட்டுவச்சான். ஆனா எங்கள கண்டுக்கவே மாட்டேங்கிறான். கோப்பி, கோப்பின்னு தொண்டை வறளக் கூப்பிட்டாலும் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்."

"போன வாரம் பார்க்ல கயிறு நழுவிடுச்சு," என்றான் திலீப். "நான் பின்னாடியே கத்திக்கிட்டு ஓடுறேன். ஒரு தடவையாச்சும் திரும்பணும்ல? சைக்கிள்ல வந்த ஒரு அங்கிள் மறிச்சுப் புடிச்சாரு. அந்தப் பக்கம் மெயின் ரோடு. ரொம்ப ரிஸ்க் லா, ஆன்டி."

"காது கேக்குதான்னு பாத்தீங்களா தம்பி?"

"பிஸ்கட் டின்ன தொறந்தா மூணாவது ரூம்லேருந்து வருது. காதெல்லாம் சூப்பரா கேக்குது."

ஜூரோங்கில் முதலில் எடுத்துப்போன குடும்பமும் இதையேதான் சொல்லியிருந்தது. கூப்பிட்டால் வராத நாயை நம்பி வெளியே கூட்டிப்போக முடியாது என்பது அவர்கள் கட்சி. வசந்தகுமாரியால் அதை மறுக்க முடியவில்லை. நாய் மீட்பு வேலையில் அவர் பார்க்காத ரகமில்லை. சாப்பிட மறுப்பது, மின்தூக்கிக்குப் பயப்படுவது, ஆண்களைக் கண்டால் கட்டிலுக்கடியில் போவது. எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. இதற்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே அமலா தொலைபேசியில் அழைத்தார். ஆறேழு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய நாய் மீட்புக் குழுவுக்கு அவர்தான் தலைவி.

"அக்கா, இன்னொரு சான்ஸ் பாப்போம். மூணாவது வாட்டியும் திரும்பி வந்துச்சுன்னா நான் சுங்கை தெங்கா காப்பகத்துல விட்டுடுவேன். நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா அங்க போன பெரிய நாய யாரும் வந்து எடுக்கிறதில்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். கம்பிக்குள்ளேயே கிழடாகிப்போன நாய்களை வசந்தகுமாரி அங்கே பார்த்திருக்கிறார்.

அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி. இதை வைத்துக்கொண்டால் அடுத்து வரும் நாய்க்குக் கதவு அடைத்துவிடும். அவர் கையால் வேறு வீடு போன நாய்கள் பத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின்போதும் அழுதிருக்கிறார், ஒவ்வொன்றையும் கொடுத்திருக்கிறார்.

கோப்பி துவாஸில் கிடைத்த நாய். கட்டுமான வேலை முடிந்து, கொட்டகைகளைப் பிரித்து, ஆட்களெல்லாம் வேறு தளத்துக்குப் போன பிறகும் அது மட்டும் வேலிக்குள் உட்கார்ந்திருந்தது. பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, ஒரு காது நட்டமாக, இன்னொன்று மடிந்து. காப்பி நிறத்தை வைத்து அமலா இட்ட பெயர்தான் கோப்பி.

வசந்தகுமாரி சிராங்கூன் சாலையில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். காலையிலிருந்து மாலைவரை பெயர் கூப்பிடுவதுதான் வேலை. சீனர், மலாய்க்காரர், தமிழர், வங்காளி, யாராக இருந்தாலும் அவர் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவார்கள். "ஊரையே கூப்பிடுற, ஒரு நாயக் கூப்பிட முடியல," என்று கணவர் இருதயராஜ் கிண்டலடித்தார். பிறகு அவரே களத்தில் இறங்கினார். ராஜா, டைகர், ஜிம்மி, பிளாக்கி எல்லாம் முடிந்ததும் பைபிளுக்குப் போனார். தாவீது என்றார், சாலமோன் என்றார், எலியா என்றார். நாய் கொட்டாவி விட்டது. யூதாஸ் என்றபோது வசந்தகுமாரி முறைத்தார்.

"சும்மா ட்ரை பண்ணேன்மா."

"அதுக்கும் திரும்பல பாருங்க. மானமுள்ள நாய்."

அடுத்த ஞாயிறு சாயங்காலம் தேக்கா சந்தைக்குப் போனார்கள். நாயைச் சந்தைக்குள் விடமாட்டார்கள் என்பதால் இருதயராஜ் மீன் வாங்கப் போக, வசந்தகுமாரி ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுமுறை நாள். வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்து, ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பியின் மடிந்த காது மெல்ல நிமிர்ந்தது. அந்தக் காது நிமிரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"டேய்! இங்கடா!"

எங்கிருந்தோ ஒரு குரல். அவ்வளவுதான். கயிறு வெடுக்கென்று இழுத்தது. வசந்தகுமாரி செருப்பு ஒன்றை விட்டுவிட்டு நாயின் பின்னால் ஓடினார். கோப்பி நேரே போய், நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்தில், சத்தம் போட்ட இளைஞனின் மடியில் முன்னங்கால்களை வைத்தது.

"யக்கா! யக்கா! புடிங்கக்கா!" அவன் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கினான்.

அவன் உண்மையில் கூப்பிட்ட ஆள் பின்னாலிருந்து வந்து சேர்ந்தான். "என்ன சின்னராசு, நான் வர்றதுக்குள்ள வேற ஆளப் புடிச்சிட்ட?"

"உன்னவிட இது வெரசா வருதுடா, இளமாறா. நாளைலேருந்து வேலைக்கு இதையே கூட்டிட்டுப் போறேன்."

"தம்பி, இவன உங்களுக்குத் தெரியுமா?" வசந்தகுமாரிக்கு மூச்சு வாங்கியது.

"தெரியாதுக்கா. ஆனா அவருக்கு என்னத் தெரியும் போல."

"நீங்க இப்ப என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"நானா? இந்த எருமையக் கூப்பிட்டேன். டேய்னு."

நாய் திரும்பி அவன் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. வசந்தகுமாரி கயிற்றை இளமாறன் கையில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். தம்பி பிள்ளைகளைத் தவிர யாரையும் அப்படிக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை, அதுவும் நடுத்தெருவில்.

"டேய்," என்றார்.

கோப்பி ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. வட்டத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வீடு போகும் வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். துவாஸ் தளத்தில் காலையிலிருந்து இரவுவரை அந்த நாய் கேட்ட சொல் அதுதானே. டேய் கம்பியத் தூக்கு, டேய் சாப்பிட வா, டேய் தள்ளிப் படு. எல்லாரும் எல்லாரையும் கூப்பிட்ட சொல்லை, தன்னை மட்டும் கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டுவிட்டது. இருதயராஜ் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து இருமினார். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் நின்று "டேய்" என்றார். நாய் வந்தது. சமையலறையில் நின்று சொன்னார். வந்தது. சும்மா சும்மா கூப்பிடாதீர்கள் என்று வசந்தகுமாரி அதட்டும்வரை ஓயவில்லை.

நாய்க்கு வீடு தேடிப் போட்டிருந்த விளம்பரத்தை அமலா மாற்றினார். பெயர் என்ற இடத்தில் டேய் என்று போட்டார். நிறையப் பேர் அழைத்தார்கள். பெரும்பாலோர் சிரிப்பதற்காக அழைத்தவர்கள். உருப்படியாகப் பேசியவர் இளமதி ஒருவர்தான்.

செங்காங்கில் வீடு. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. கணவர் செல்வராஜுக்கு வீட்டிலிருந்தே வேலை. முன்பு வளர்த்த நாய் பதினைந்து வயதுவரை இருந்து போன வருடம் இறந்திருந்தது. வசந்தகுமாரிக்கு அந்த வீட்டில் குறை என்று எதுவும் தெரியவில்லை. பால்கனியில்கூட வலை போட்டிருந்தார்கள்.

"பேர மாத்திக்கலாம் இல்லையா?" என்று கேட்டார் இளமதி. அவர் வீட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். "கதிர்னு வைக்கலாம்னு யோசிச்சோம்."

"ரெண்டு வீட்டுல மாசக்கணக்கா கோப்பின்னு கூப்பிட்டும் ஏறல டீச்சர். மெதுவா வேணா பழக்கலாம். ஆனா அவசரத்துக்கு இந்தப் பேருதான்."

"வகுப்புல எவனாவது டேய்னு சொன்னா எழுந்து நிக்க வைக்கிறவ நான்."

"எனக்குப் பிரச்சினையே இல்ல," என்றார் செல்வராஜ். "கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரே அதுதான்."

"நீங்க சும்மா இருங்க." இளமதி எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டார். செல்வராஜ் நாயைத் தூண்வரை கூட்டிப்போய் நின்றார்.

"டேய்," என்றார் இளமதி. செய்யுள் ஒப்பிப்பதுபோல இருந்தது. நாய் தலையைச் சாய்த்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, டீச்சர். கோவமா சொல்லணும்னு இல்ல. உரிமையா சொல்லுங்க."

"டே…ய்."

"விருந்தாளியக் கூப்பிடுற மாதிரி இருக்கு," என்றார் செல்வராஜ்.

இளமதி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "டேய்!" என்றார். நாய் பாய்ந்து வந்தது. கூடவே, மின்தூக்கிப் பக்கமிருந்து அவர் பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்களும் வந்தார்கள்.

"எங்களையா கூப்பிட்டீங்க, டீச்சர்?"

"ஏய், டீச்சர் டேய் சொன்னாங்கடா!"

"டா போடாத, எழுந்து நிக்க வைப்பாங்க."

"நாங்க ஏற்கனவே நின்னுக்கிட்டுதானே இருக்கோம்."

இளமதியின் முகம் சிவந்துவிட்டது. பையன்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடிப்போன பிறகு அவர் இருக்கையில் உட்கார்ந்து நாயின் தலையைத் தடவினார்.

"முடியும்னு சொல்லி இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம், அக்கா. எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு. ஆனா ரோட்டுப் பக்கம் ஓடுறான்னு வைங்க. என் வாயில அது சட்டுனு வராது. யாரு பாக்குறாங்கன்னு ஒரு செகண்ட் யோசிப்பேன். அந்த ஒரு செகண்ட் போதும்ல?"

வசந்தகுமாரி அவரைச் சமாதானப்படுத்தவில்லை. நாய் வேண்டும் என்று வருகிறவர்களில் இப்படிப் பேசியவர் குறைவு. அன்று இரவு அமலாவிடம் நடந்ததைச் சொன்னார். "ரொம்ப நாள் வச்சிருக்க முடியாதுக்கா. அடுத்தது ஒண்ணு வரிசைல நிக்குது," என்றார் அமலா. காப்பகம் என்ற சொல்லை அவர் வாயெடுத்துச் சொல்லவில்லை. இருவருக்கும் அது கேட்டது.

ஏப்ரல் மாத முதல் திங்கள். மருத்துவமனையில் கூட்டம். வசந்தகுமாரி திரையைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மிஸ் டான். மிஸ்டர் ரஹ்மான். மிஸஸ் பிள்ளை.

"மிஸ்டர் டே!"

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. சிங்கப்பூரில் டே என்ற சீனக் குடும்பப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. இத்தனை வருடங்களில் எத்தனை டேக்களைக் கூப்பிட்டிருப்பார். மூலையிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் எழுந்து வந்தார். டே கிம் ஹோக். புக்கிட் மேராவில் வீடு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டுப்பல் அளவெடுக்க மூன்றாவது தடவையாக வருகிறார்.

"ஏன் அப்படிப் பாக்குற? பல்லு இல்லாத ஆள இதுக்கு முன்னாடி பாத்ததில்லயா?" அவர் பேசியது சிங்கப்பூர் ஆங்கிலம். அதிலும் பாதி காற்றாக வந்தது.

வசந்தகுமாரி விஷயத்தைச் சொன்னார். டே கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

"நாய் வேணும்னு நாப்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன் லா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. என் பொண்டாட்டியக் கேளு."

சனிக்கிழமை காலை புக்கிட் மேராவில், டே வீட்டுப் புளோக்குக்குக் கீழே இருந்த கோப்பிக் கடையின் வெளி மேசையில் சந்திப்பு. டேயின் மனைவி முன்னதாகவே வந்து கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீனர் வழக்கப்படி அவர் கணவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை, திருவாட்டி லிம். கூடவே கோவிந்தசாமி. துறைமுகத்தில் டேயோடு வேலை பார்த்தவர், இன்றும் காலைக் கோப்பியை அவரோடுதான் குடிப்பார்.

"டேய், என்னடா நாயெல்லாம்?" என்றார் கோவிந்தசாமி, டேயைப் பார்த்து. நாய் எழுந்து கோவிந்தசாமியிடம் போனது.

வசந்தகுமாரி காரணத்தைச் சொன்னதும் அவர் மேசையைத் தட்டினார். "சரியாப் போச்சு தங்கச்சி! முப்பது வருஷமா இவன டேய்னுதான் கூப்பிடுறேன். பேரச் சொல்றேன்னு நெனச்சிக்கிட்டிருக்கான்."

துறைமுகத்தில் பொறுக்கிய தமிழ் டேயிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது. "என்ன சொன்ன? பேருதானே?"

"பேருதான்டா, பேருதான். வா, கோப்பி வாங்கிட்டு வருவோம்."

இருவரும் உள்ளே போனார்கள். திருவாட்டி லிம் அடுக்கினார். முடி கொட்டும். நாற்றம் வரும். மழை நாளில் யார் கீழே கூட்டிப்போவது? கணவருக்கு முழங்கால் வலி, தனக்கு ரத்த அழுத்தம். நாளைக்கு இரண்டு பேரில் ஒருவர் படுத்துவிட்டால் நாய்க்கு யார்? எதுவுமே தப்பான கேள்வி இல்லை. ராத்திரி படுக்கையில் வசந்தகுமாரியே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் அவை. "உங்க மகள் பக்கத்து புளோக்லதான் இருக்காங்கன்னு மிஸ்டர் டே சொன்னாரு," என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"மகளுக்கு அவ பிள்ளைங்களப் பாக்கவே நேரமில்ல."

அந்த நேரம் பார்த்து அமலா அழைத்தார். வசந்தகுமாரி கயிற்றைத் திருவாட்டி லிம்மிடம் நீட்டினார். அவர் ஈரத்துணியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் அதை வாங்கிக்கொண்டார். வசந்தகுமாரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஒரு பூனை நிதானமாக நடந்துவந்து, கோப்பியைப் பார்த்து, மனதை மாற்றிக்கொண்டு ஓடியது.

இரண்டு விரலில் கயிறு எவ்வளவு நேரம் நிற்கும்? வசந்தகுமாரி திரும்பிப் பார்த்தபோது நாய் நடைபாதையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் சாலை, சாலையில் வந்துகொண்டிருந்தது ஒரு பேருந்து. அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் முந்திக்கொண்டது.

"டே!"

திருவாட்டி லிம் எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. பழக்கடைக்காரர் கத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். அவர்கள் இருவரும் டேக்கள்தான். கடைக்குள்ளிருந்து திருவாட்டி லிம்மின் கணவர் பதறிப்போய்க் கையைத் தூக்கி, "வாங்கிட்டேன், வாங்கிட்டேன், வந்துட்டேன் லா!" என்றார்.

நாய் நடைபாதை விளிம்பில் நின்றது. பேருந்து கடந்து போனது. நாய் திரும்பி நடந்து வந்து திருவாட்டி லிம்மின் காலடியில் உட்கார்ந்தது.

அவர் குனிந்து கயிற்றை எடுத்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு தியோச்சு என்ற சீன மொழியில் திட்டத் தொடங்கினார். விரலை நீட்டி, மூச்சுவிடாமல், நெடுநேரம் திட்டினார். கோப்பி இரண்டு காதையும் நிமிர்த்திக்கொண்டு முழுவதையும் கேட்டது. கோப்பித் தட்டோடு வந்த டேயும் தனக்குத்தான் போல என்று தள்ளியே நின்றார்.

"என்ன சொல்றாங்க?" என்று வசந்தகுமாரி கோவிந்தசாமியிடம் மெல்லக் கேட்டார்.

"அறிவு இருக்கா, வயசாச்சே, ரோட்டப் பாக்க வேணாமாங்கிறாங்க. இவனுக்கும் அதேதான் சொல்லுவாங்க. ஆனா இவன் பாதியிலேயே எழுந்து போயிடுவான்."

திருவாட்டி லிம் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, பாலில்லாத கோப்பி ஓவை ஒரு வாய் குடித்தார்.

"மழை பெஞ்சா யாரு கூட்டிட்டுப் போறது?" என்று கணவரைக் கேட்டார்.

"நான்."

"முழங்கால் வலிச்சா?"

"மெதுவாப் போறேன்."

"எங்க ரெண்டு பேருக்கும் முடியாமப் போச்சுன்னா?" இது வசந்தகுமாரிக்கு.

"எனக்கு ஒரு போன் பண்ணுங்க. எந்த நேரமா இருந்தாலும் நான் வந்து எடுத்துக்கிறேன். காப்பகத்துக்கு விடமாட்டேன்." இதைச் சொல்லும்போதுதான், தான் என்ன வாக்குக் கொடுக்கிறோம் என்பது வசந்தகுமாரிக்குப் புரிந்தது. திரும்பப் பெறவில்லை.

திருவாட்டி லிம் நாயைப் பார்த்தார். "கல்யாணம் ஆனதுலேருந்து இவர ஏய், ஏய்னுதான் கூப்பிடுறேன். ஒரு நாள்கூடக் கூப்பிட்ட உடனே வந்ததில்ல. இதாவது வருது. பேர மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டோம்," என்றார் டே.

"உங்கள யாரு கேட்டா?"

ஏப்ரல் 20, சனிக்கிழமை, நாயை வைத்துப் பார்க்கக் கொடுத்த இரண்டு வாரம் முடிந்தது. நாய் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. அமலா அதன் படத்தைக் குழுவின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். நாய் புக்கிட் மேராவில் இருக்கிறது.